பி பக்கம்

காகிதப்பட்டறையில் பூட்டிக் கிடந்த அச்சுக்கூடத்தை
உங்களுக்காக இருட்டாக்கி வைத்திருக்கிறார்கள், ஈ.பி. சார்.
செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.
காலடியில் மணல்.
பாலாற்று மணலாம், மூன்று லாரி.
ஆற்றில் இல்லாதது அறைக்குள் இருக்கிறது.

நீங்கள் எடுத்த மீட்டர் ரீடிங் அட்டைகள்
கொடியில் துணி மாதிரித் தொங்குகின்றன.
பின்பக்கமெல்லாம் கவிதை,
முன்பக்கம் யார் வீட்டு யூனிட்டோ.
ஒன்றில் எங்கள் கதவு எண் பார்த்தேன்.
நாற்பத்தொன்று என்று எழுதி அடித்துவிட்டு
‘வீடு பூட்டியிருந்தது’.
பூட்டியிருக்கவில்லை சார்,
நான்தான் திறக்கவில்லை.

கடைசி அறைக்கு வரிசை. தடவைக்கு ஆறு பேர்.
நிவேதன் என்று ஒரு பையன், பரோடாவில் படித்தவன்,
குரலைத் தாழ்த்திச் சொல்கிறான்:
கவிஞரின் ஒரே ஒலிப்பதிவு, எண்பத்தாறு.
நடுவில் பதினோரு நிமிடம் அவருடைய மௌனம்.
கண்ணை மூடிக்கொள்ளுங்கள் ஆன்ட்டி.

மூடினேன்.
நாலு மூலையிலிருந்தும் இருமினீர்கள்.
ஆற்றைப் பற்றி ஏழு வரி.
எட்டாவது வரியில் ஒருத்தி கத்துகிறாள்:
தண்ணி வந்துடுச்சு!

அது நான்.
இருபத்தாறு வயசு.

அதற்கப்புறம்தான் மௌனமாம்.
பத்து நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீருக்கு
கவிதையைப் போட்டுவிட்டு ஓடினீர்கள்,
லுங்கியை மடித்துக்கட்டி,
என் குடத்தைத் தள்ளி உங்கள் அண்டாவை வைத்தீர்கள்.
பக்கத்தில் நிற்கும் பெண் அழுகிறாள்,
அண்டா நிரம்பும் சத்தத்துக்கு.

டேப் ரிக்கார்டர் எங்களுடையது.
தம்மாமிலிருந்து அவர் அனுப்பியது.
உள்ளே இருந்த கேசட்டும்.
ஏ பக்கம் கேட்டிருந்தேன்.
பி பக்கத்தைப் பிள்ளைகள் தூங்கட்டும் என்று
மூன்று ராத்திரியாக வைத்திருந்தேன்.
அதன்மேல்தான் நீங்கள் ஆறு ஓட்டினீர்கள்.
புதுசு வாங்கித் தருகிறேன் என்று
கேசட்டையும் எடுத்துப் போனீர்கள்.

அண்டா, குடம், நாய், சைக்கிள் மணி.
ஒரு க்ளிக்.
உங்கள் ஆறு எட்டாத கடைசி அங்குலத்தில்
அவர்:
‘...அங்கே தண்ணி ஒழுங்கா வருதா, ஷம்ஷாத்?’
டேப் தீர்ந்தது.

அது யாருடைய குரல் தம்பி என்றேன்.
கவிஞர்தான், குரலை மாற்றியிருக்கிறார்,
ஷம்ஷாத் என்பது பாலாறு என்றான் நிவேதன்.
சரி என்றேன்.

அவர் திரும்பி வந்தார் சார்.
ஒன்பது வருஷம் இருந்தார், சர்க்கரையும் வைத்தியமுமாக.
இந்தக் குரலை அங்கேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

வாசலில் கருத்துப் புத்தகம் நீட்டினார்கள்.
மேலே ஒருவர் ‘உறைந்து போனேன்’ என்று எழுதியிருந்தார்.
நான் எழுதினேன்:
கேசட் ஒன்று, அறுபது நிமிடம், வரவேண்டியது.
கதவு எண்ணும் போட்டேன்.

போட்டுவிட்டுத் திரும்பவும் வரிசைக்கு வந்தேன்.
முன்னால் பதினேழு பேர்.
மணல் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.