நான்காம் கேள்வி

ஞாயிறு காலை ஆறு மணிக்கே திறந்துவிடும்
மினசோட்டா மாநிலத்தின் கணினி.
மாதாகோவில் ஒன்பதுக்குத்தான்.

இந்த வாரம் வேலை செய்தீர்களா.
வந்த வேலையை வேண்டாம் என்றீர்களா.
உடம்பு வேலைக்குத் தயாரா.
சம்பாதித்தது எவ்வளவு.
வேலை தேடினீர்களா, யாரிடம், எந்தத் தேதியில்.

சும்மா இருந்தீர்களா என்று கேட்டிருந்தால்
ஒரே சொல்லில் முடிந்திருக்கும்.

சுரங்கத்தில் பதினோரு வருஷம் நான் ஓட்டிய லாரிக்கு
ஒரு சக்கரமே என்னைப்போல் இரண்டு ஆள் உயரம்.
இருக்கைக்குப் போக ஏணி.
நடைக்கு இருநூற்று நாற்பது டன் இரும்புக்கல்.
படிவத்தின் தொழில் பட்டியலில் அது இல்லை.
பக்கத்தில் வந்தது இதுதான்:
ஓட்டுநர் (டாக்ஸி, பள்ளிப் பேருந்து, இதர).
இதரவைத் தொட்டேன்.
அன்றிலிருந்து நான் இதர.

கணினி அனுப்பிய வேலைகளில்
பீட்சா இருந்தது, பிணவண்டி இருந்தது.
பிணவண்டிக்கு விண்ணப்பித்தேன்.
கறுப்புக் கோட்டு சொந்தமாக உண்டா என்றார்கள்.
உண்டு, அப்பாவின் அடக்கத்துக்கு வாங்கியது என்றேன்.
அப்புறம் கூப்பிடவில்லை.

குழியை மூடவில்லையாம்,
ஓய்வில் வைத்திருக்கிறார்களாம்.
குழிக்கு ஓய்வு, காலக்கெடு இல்லாமல்.
எனக்கு இருபத்தாறு வாரம்.

எதிர்வீட்டு சிக்னே ஹௌக்லண்ட்
இடுப்பெலும்பு மாற்றி மூன்று வாரம்.
கூரையில் இரண்டடிப் பனி.
நீளக்காம்பு வாரியால்
கீழே நின்றே இழுத்துத் தள்ளினேன், ஒன்றரை மணி நேரம்.
கழுத்துக்குள் போன பனி இடுப்பு வரை இறங்கியது.
நாற்பது டாலரை என் கையுறைக்குள் திணித்தாள்.

"பூஜ்யம் போடு," என்றான் தங்கை புருஷன் வெர்ன்,
"பனிக்கு யார் ரசீது வச்சிருக்கா?"
நாற்பது போட்டேன்.
நேர்மை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன்.
ஒரு பொய்யை வாராவாரம் ஞாபகம் வைத்திருக்க
எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

பணம் நின்றது.
பரிசீலனையில், என்றது திரை.
முதலாளியின் பெயர்?
பணி முடிந்த காரணம்?
பனி தீர்ந்துவிட்டது, என்று எழுதினேன்.

உங்களுக்கு முன்னால் நாற்பத்துமூன்று பேர்,
என்றது தொலைபேசி. பிறகு பியானோ.
எட்டு சுரம், ஒன்பதாவதில் ஒரு கரகரப்பு, மறுபடி எட்டு.
முப்பத்தொன்றில் முட்டை வேகவைத்தேன்.
பன்னிரண்டில் கழிப்பறைக்குப் போனேன்,
பியானோவும் கூடவே வந்தது.

செயின்ட் பாலிலிருந்து ஒரு பெண் குரல், கியா மோவா.
"கூரை மேலே ஏறினீங்களா?"
"இல்லை, தரையில நின்னுதான்."
விசைப்பலகைச் சத்தம்.
"எங்க அம்மா வீட்டுக்கும் ஒரு ஆள் வேணும்," என்றாள்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
தானும் தற்காலிகம்தான் என்றாள்,
ஜூனோடு ஒப்பந்தம் முடிகிறதாம்.
"அப்புறம் நானும் இந்த வரிசைதான்."
இருவரும் சிரிக்கவில்லை.
பியானோவைப் பற்றி எச்சரிக்கலாமா என்று நினைத்தேன்,
வைத்துவிட்டாள்.

புதன்கிழமை பணம் வந்தது,
நாற்பதில் பாதியைக் கழித்துக்கொண்டு.

வெள்ளி ராத்திரி மறுபடி பதினாலு அங்குலம்.
சிக்னே ஜன்னலில் நின்று
மணிபர்ஸைத் தூக்கிக் காட்டினாள்.
வேண்டவே வேண்டாம் என்று
இரண்டு கையையும் ஆட்டினேன், தீயணைப்பு வண்டிக்கு ஆட்டுவதுபோல.

வாரி முடித்து வீடு திரும்பினால்
படியில் ஒரு கண்ணாடி ஜாடி,
காடியில் ஊறிய ஹெர்ரிங் மீன்.

ஞாயிறு. ஆறு மணி இரண்டு நிமிடம்.
நான்காம் கேள்வியில் கர்சர் துடிக்கிறது.
எண்கள் மட்டுமே ஏற்கப்படும்.
ஜாடியை விளக்குக்கு எதிரே பிடித்து
துண்டுகளை எண்ணுகிறேன்.
ஏழு.
ஒன்றை ராத்திரியே தின்றுவிட்டேன்.