மூணு கிலோ இருநூறு

நூல் மூட்டை நிறுக்கும் மின்தராசில்
என் இடக்கையைக் கிடத்தினேன்.
மூணு கிலோ இருநூறு.
"தோளு சித்தெ அழுத்தியிருக்கும்" என்றாள் தமயந்தி.
கழித்தாலும் மூணு.

இத்தனை நாளும் இந்தக் கனத்தை
மார்புக்குக் குறுக்கே வீசிக்கொண்டுதான்
ஹாக்கி ஆடியிருக்கிறேன்.

இரவு பத்தரைக்குக் கடைசிக் கண்டெய்னர்
தூத்துக்குடிக்குக் கிளம்பிய பின்
லோடிங் முற்றத்துச் சிமெண்டுத் தரை எங்களுக்கு.
ஐந்து பேர், நாலு ஜோடி சக்கரச் செருப்பு.
செருப்பு கிடைக்காதவள் கோல் காக்க வேண்டும்,
இரண்டு கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவே,
வெறுங்காலோடு.

வலக்கையில் மட்டை.
அதற்கு வேலை இருக்கிறது, வம்பில்லை.
சும்மா இருக்கும் கைதான் குடியைக் கெடுக்கும்.
ஓவர்லாக்கில் எட்டு மணி நேரம்
துணியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளிய கை
இங்கேயும் தள்ளுகிறது
துணி இல்லாமல்.
அது குறுக்கே போனால் தோள் கூடவே திரும்பும்.
தோளுக்கு எதிராக இடுப்பு.
சக்கரம் பாவம், யார் பேச்சைக் கேட்கும்?

பின்னாலிருந்து தமயந்தி எடுத்த வீடியோவில்
முற்றத்தின் நீளத்துக்கும் என் தடம்
காளை நடந்துகொண்டே பெய்த கோடு.

ஒன்றரை இன்ச் ஜட்டி இலாஸ்டிக்,
இந்த ஊரில் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.
ஒரு முனை முழங்கையில், மறுமுனை
இடுப்புப் பெல்ட்டின் பின்வளையத்தில்.
முன்னே போ, பின்னே வா, தடையில்லை.
மூக்குக்கு நேரே உள்ள கோட்டைத் தாண்டினால்
சுண்டி இழுக்கும்.
முதல் நாள் எழுபது முறை இழுத்தது.
அப்புறம் எண்ணவில்லை.

பதினோரு இரவு.
பன்னிரண்டாம் இரவு அவிழ்த்துவிட்டு ஓடினேன்.
இடக்கால் தரையைத் தள்ளிப் பின்னே நீள
இடக்கை முகவாய் வரைக்கும் எழுந்தது.
கால் திரும்பி வயிற்றுக்கடியில் வந்து சேர
கை பாக்கெட்டைத் தாண்டிப் பின்னே போனது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கொட்டகை விளக்கில் விழுந்த நிழலுக்கு
இடுப்பு அசையவில்லை.
கோலில் நின்ற சுகிர்தா
பந்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.
அந்தக் கோல் கணக்கில் சேராது என்று
சண்டையும் போட்டாள்.

சித்திரை மாத ஞாயிறு, கோயம்புத்தூர்,
மாலில் மூன்றாவது மாடி.
நிஜமான ஐஸ்.
முக்கால் மணி நேரத்துக்கு
எங்கள் இரண்டு நாள் கூலி.
வாசலில் நின்ற பையன் மரியாதையாகச் சொன்னான்:
"மட்டையெல்லாம் உள்ள விடறதில்லீங்."

சிமெண்டு காலைப் பிடித்துக்கொள்ளும்,
திட்டினாலும் பிடித்துக்கொள்ளும்.
ஐஸுக்கு அந்த உறவெல்லாம் கிடையாது.
ஆனாலும் இடக்கை சொன்னபடி போய் வந்தது.
விழுந்தது வலக்கையால்.
மட்டையில்லாத விரல்கள்
மட்டையின் பருமனுக்கே மடங்கி
காற்றைப் பிடித்தபடி விறைத்து நின்றன.
எங்கே வைத்துக்கொள்வது இதை?
பிளாஸ்டிக் பென்குயினைத் தள்ளிக்கொண்டு
நாலு வயசுப் பொடியன் ஒருத்தன்
என்னைச் சுற்றிக்கொண்டு போனான்.
உட்கார்ந்தேன்.
எழுந்தேன்.
மறுபடி உட்கார்ந்தேன்.

திரும்பும் பேருந்தில் இடமில்லை.
சுடிதாரின் பின்பக்கம் இன்னும் ஈரம்.
"அந்தக் கை என்ன எடைடி?" என்றாள் தமயந்தி.
போட்டுப் பார்க்கவே இல்லை, நல்ல கை என்று விட்டுவிட்டேன்.
கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறேன், முழங்கால் மடக்கி,
இரண்டு கையும் சும்மா.
கருமத்தம்பட்டியில் திடீர் பிரேக்.
இடக்கை சரியாகத்தான் போனது.
வலக்கை,
முன்னால் நின்ற அம்மாவின் தக்காளிப் பையை
மட்டை என்று நினைத்து
இறுக்கிப் பிடித்தது.