கடைசி இலக்கம்

தையல் மிஷினுக்குக் கீழே
நான்கு மாதமாக ஒரு கோணிப்பை.
உள்ளே ஒரு கிரவுன், ஒரு பினியன்.
முப்பத்தொன்பது பல்லுக்கு எட்டுப் பல்.
ஜீப்பின் பின் ஆக்ஸிலில் இப்போது ஓடுவது
நாற்பத்து மூன்றுக்கு எட்டு.

நான்கு பல் குறைந்தால்
அடிவாரம் தாண்டிய சமவெளியில்
என் வண்டி அலறாமல் போகும்.
நான்கு பல் குறைந்தால்
கொட்டச்சேடு ஏற்றத்தில், சிமெண்ட் மூட்டைகளோடு
இரண்டாம் கியரில் போன இடத்தை
முதல் கியரில் ஊர வேண்டும்.
ஊரலாம். அது தீர்ந்துபோன பேச்சு.
மாற்றுவது என்று ஆகிவிட்டது.
யார் மாற்றுவது என்பதுதான்.

செவ்வாய்ப்பேட்டையில் ஷாஜகான்
கையைத் துடைக்காமலே சொன்னான்:
"நீங்களே பண்ணலாம்க்கா.
மொத தடவ தப்பாத்தான் பண்ணுவீங்க.
அந்த மொத தடவைக்கு
ஒரு செட்டு வெலயப் போட்டுக்குங்க.
அப்புறம் எங்கூலியப் பாருங்க."
கூலி ஒன்பதாயிரம்.
வியாபாரமா, உண்மையா?
இரண்டும் ஒரே ஆயிலில் ஊறியிருந்தன.

போன வருஷம் அவன் போட்ட பேரிங்
நாற்பதில் முனகத் தொடங்கி
ஐம்பதில் அடங்கிவிடும்.
"அது வண்டி வயசுக்கா."
என் வயசும் அதுதான்,
நான் முனகுவதில்லை என்று சொல்ல வந்தேன்.
பொய் என்பதால் சொல்லவில்லை.

ராத்திரி இன்னாசி கேட்டார், ஷிம் என்றால் என்ன.
தகடு. காகிதத்தைவிட மெல்லிசு.
பினியனுக்குப் பின்னால் ஒன்று கூடினால்
பல் அடிவரை கடிக்கும்,
குறைந்தால் நுனியில் கடிக்கும்.
அது எப்படித் தெரியும்?
பல்லில் நீலம் பூசிச் சுற்றினால்
கடித்த இடம் மட்டும் வெளுக்கும்.
நட்ட நடுவில், புளியங்கொட்டை அளவுக்கு.
வெளுக்காவிட்டால்?
கழற்ற வேண்டும்.
அப்புறம்?
மாட்டிப் பார்த்து, மறுபடி கழற்ற வேண்டும்.
அவர் புரண்டு படுத்துக்கொண்டார்.

பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே
இரண்டு தலைமுடி கனம் இடைவெளி.
அதை அளக்கும் டயல் கேஜை
ஸ்டீல் பிளாண்டுக் குணவதி தருகிறாள்,
எந்த ஞாயிறு கேட்டாலும்.
பதினேழு ஞாயிறு போய்விட்டது.
ஒன்றில் மழை. ஒன்றில் சாவு.
மீதியை என்னவென்று சொல்ல.

தப்பாக மாட்டிய பல் உடனே உடையாது.
நூறு கிலோமீட்டர் நல்ல பிள்ளையாக இருக்கும்.
பிறகு ஏதோ ஒரு கொண்டை ஊசியில்,
பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள்
ஆரஞ்சுத் தோலை ஒருவர் கண்ணில் ஒருவர் பிழிந்துகொண்டிருக்கும்போது,
ஒரு சத்தம்.
அப்புறம் பிரேக்கும் நானும்தான்.

ஷாஜகான் மாட்டினாலும் அது உடையலாம்.
அப்போது திட்டுவதற்கு ஒரு ஆள் இருக்கும்.
ஒன்பதாயிரத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

இன்று பதினெட்டாவது ஞாயிறு.
கேஜ் மேசையில் இருக்கிறது.
மழையில்லை, சாவில்லை.
கோணிப்பையை இழுத்து அவிழ்த்தேன்.
ஜோடி எண்ணைப் பார்க்க வேண்டும்:
ஒன்றோடொன்று உரசவிட்டுப் பதமாக்கிய இரண்டுக்கும்
கம்பெனியில் ஒரே எண் பொறிப்பார்கள்.
வேறு எண்ணோடு சேர்த்தால் ஆயுசுக்கும் ஊளைதான்.
வாங்கிய அன்றே பார்த்திருக்க வேண்டும்.

கிரவுனில் இருநூற்றுப் பதினேழு.
பினியனில் இரண்டு, ஒன்று,
அதற்கப்புறம் துரு.

நெட்டுக்கோடு ஒன்று தெரிகிறது.
மேலே குறுக்குக்கோடு இருக்கிறதா,
அது துருவின் விளிம்பா?
ஏழென்றால் ஜோடி.
இன்றைக்கே ஜாக்கி வைக்க வேண்டும்.
ஒன்றென்றால் பழைய இரும்பு,
ஷாஜகானாலும் ஆகாது,
யாருக்கும் தலைகுனிவில்லை.

டீசல் துணியால் தேய்க்கிறேன்.
மெதுவாக.
உப்புத்தாள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

இன்னாசி டார்ச்சோடு வந்து நிற்கிறார்.
"வெளிச்சம் பத்துதா?"
பத்துது என்கிறேன்,
கட்டைவிரலை அந்த இடத்திலிருந்து எடுக்காமல்.