இரவு ஷிப்ட்

பனி நடனத்தைத் தூக்கிவிடலாம் என்றேன்.
உடுப்புக்கும் சிரிப்புக்கும் மார்க் போட்டால்
அது போட்டியா?
விழுந்தவள் எழுந்தபோது முனிரத்தினம் கை தட்டினான்.
சரி, அதற்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

பலகையில் குப்புறப் படுத்து வருவது
வெறும் தைரியம்.
பிரேக் இல்லாத சைக்கிளில்
பாகாயம் ரோட்டில் நானும் வந்தவன்.

கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்த்துக்கொண்டே
ஓடுகிறார்களே துடைப்பக்காரர்கள்,
அது இருக்கட்டும்.
தொடாமலே வழி சொல்கிறார்கள்.

காட்பாடி ஐஸ் கம்பெனி, மணி மூன்று.
மாசியிலேயே தகரக்கூரை சூடு ஆறவில்லை.
மக்கான் மீன்வண்டி ஹாரன் அடிக்கிறது.
கொக்கியை மாட்டினோம்.
ஐம்பது கிலோ பாளம், ஈரச் சிமெண்ட், வெறுங்கால்.
வளைவில் முனிரத்தினம் ஒரு தட்டு தட்ட
பாளம் தானே திரும்பிப் போய்
வண்டிப் பலகையில் முட்டி நின்றது.

டிவியில் யாரோ கொடியைப் போர்த்திக்கொண்டு அழுகிறார்கள்.
"இத சேக்கல பாரு" என்றான்,
விறைத்த விரல்களை
அக்குளில் செருகியபடி.