முப்பத்தைந்து

வரைபடத்துக்கு எட்டு. வடிவியலுக்கு எட்டு.
ஒரு மார்க் கேள்வி பதினாலு.
பலகையில் கூட்டிக் காட்டினார் மகிழ்நன் சார்:
முப்பது.
"இன்னும் அஞ்சு. அஞ்சே அஞ்சு.
அதையும் நானே வந்து எழுதணுமா?"

கடைசி இரண்டு பெஞ்சுகளுக்கு மட்டும்
சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு வரை இந்தக் கூட்டல்.
முன் பெஞ்சுக்காரிகள் நூறிலிருந்து இறங்கி எண்ணுகிறார்கள்,
எங்கே அரை மார்க் போகும் என்று.
நாங்கள் பூஜ்ஜியத்திலிருந்து ஏறுகிறோம்,
ஹவுசிங் போர்டு மாடிப்படியில்
லாரித் தண்ணீர்க் குடத்தோடு ஏறுவதுபோல,
ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் சிந்திக்கொண்டு.

தில்ஷாத் வீடு இரண்டாம் மாடி, என்னுடையது மூன்றாவது.
நடுவில் படிக்கட்டுத் திருப்பத்தில்
பிளாக்குக்கே பொதுவான ஒரு பல்பு.
செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவோம்,
தலை நிமிராமல் புத்தகத்தை இழுத்து
வழி விடுவோம்.

மூன்று சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம்.
மையத்திலிருந்து எட்டு சென்டிமீட்டர் தள்ளி
வெளியே ஒரு புள்ளி.
அதிலிருந்து இரண்டு தொடுகோடுகள்.
பதினோரு தடவை போட்டாயிற்று.
ஏன் என்று தெரியாது, எப்படி என்று தெரியும்.
எப்படிக்குத்தான் எட்டு மார்க்.

ஆனால் எங்கள் காம்பஸுக்குத் திருகு லூஸ்.
மூன்றில் கிளம்பும் பென்சில்
பாதி வழியில் மூன்றே கால் ஆகிவிடும்.
சுற்றி முடித்துத் திரும்பி வந்தால்
புறப்பட்ட வாசல் தள்ளிப் போயிருக்கும்.
அம்மாவின் ஹேர்பின்னால் முறுக்கிப் பார்த்தேன்.
ரப்பர் பேண்டு, நூல், செலோடேப்,
மென்று முடித்த பபிள்கம்.
தரை வீட்டு ஆட்டோக்காரர் எட்வின் அண்ணன்
ஸ்பேனரோடு வந்து பார்த்துவிட்டு
"என் வண்டி கிளட்ச் மாதிரியே கீதும்மா" என்று
மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

இருவருக்கும் அந்த ஒரே காம்பஸ்.
அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை.
நான் சுற்றும்போது அவள்
ஒரு மார்க் விடைகளை முணுமுணுப்பாள்,
கேள்வி இல்லாமல் வெறும் எழுத்துகளாக:
ஆ, ஈ, ஈ, அ, இ.
அப்போதுதான் பேசப் பழகும் குழந்தை மாதிரி.

ஹால் டிக்கெட் வந்த அன்று
பின்பக்கத்துப் பொடி எழுத்தை அவள்தான் வாசித்தாள்.
தேர்வறையில் எந்தப் பொருளையும்
பிறரிடம் வாங்கவோ கொடுக்கவோ கூடாது.
இரண்டு தடவை வாசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிஷம் நின்றும்
பிங்க் பஸ் வரவில்லை. பெரம்பூருக்கு நடந்தோம்.
கையில் எழுபது ரூபாய்.
பெட்டியோடு நூற்றிப் பத்து, காம்பஸ் மட்டும் நாற்பது.
"எழுபதில் நாற்பது போனால்?" தில்ஷாத், சார் குரலில்.
"முப்பது."
"இன்னும் பத்து. பத்தே பத்து."
கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது, பத்து வரவில்லை.
மிச்சத்துக்கு ஒரு ரோஸ்மில்க், இரண்டு ஸ்ட்ரா.

ரயில் பாலத்தடியில் சீட்டுப் போடலாம் என்றாள்.
வேண்டாம் என்று புதியதை அவள் பையில் போட்டேன்.
தியாகம் கியாகம் ஒன்றுமில்லை.
அந்தப் பழைய சனியன் எங்கே நழுவும் என்று
எனக்குத்தான் தெரியும்.
வட்டம் ஒரு கடிகாரமென்றால்
நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில்.
அந்த இடம் வந்ததும் திருகைக் கட்டைவிரலால் அழுத்தி
மூச்சைப் பிடித்துக்கொண்டு
காகிதத்தைச் சுற்ற வேண்டும்,
காம்பஸை அல்ல.

நேற்று ராத்திரி, பல்பில் பூச்சிகள் மோதிக்கொண்டிருக்க,
என் வட்டம் மூடிக்கொண்டது.
தொடுகோடு இரண்டும் ஏழு புள்ளி நாலு.
அவளுடைய புதுக் காம்பஸில் ஏழு புள்ளி ஐந்து.
"இன்னாடி, யாருது கரெக்ட்டு?"

தெரியவில்லை. சார் தூங்கியிருப்பார்.
மேலே யாரோ ஏறி வந்தார்கள், ரப்பர் செருப்பு,
மூன்றாம் மாடி, என் அம்மா.
வழி விட்டோம்.
இன்னும் அஞ்சு பாக்கி.
பக்கத்தைப் புரட்டினாள் தில்ஷாத்.