ஐம்பத்தெட்டு மீட்டர்

ஹல் நகரத்துப் பிப்ரவரி.
ஹம்பர் ஆற்றிலிருந்து ஏறிவரும் காற்றுக்குக்
கதவைத் தட்டும் பழக்கமில்லை.
மேல்மாடத்துக் கண்ணாடி அறையில்
இரண்டு திரை, ஆறிப்போன தேநீர், நான்.
என் வேலை எண்ணுவது.

முதல் உதையில் பந்து
வானத்தில் இருக்கும்போதே
இருபதாயிரம் பேருக்கும் தெரியும்
அது யாருக்கென்று.
பத்தாம் எண், டெரில் ஹார்க்கர்,
நூற்றுப் பதினான்கு கிலோ.
அவன் ஓடிவர இடமிருக்கிறது.
எதிரே வருகிறவர்களுக்கும் இருக்கிறது.
நடுவில் எங்கோ
அந்தச் சத்தம்.

ஈரச் சாக்குமூட்டை
கல்தரையில் விழுவதுபோல என்று
ஒருமுறை எழுதி அடித்துவிட்டேன்.
மூட்டை மூச்சு விடாது.

மோதும்வரை ஓடியது கணக்கில்லை,
அதைக் கால்கள் பார்த்துக்கொள்ளும்.
நான் குறிப்பது
மோதிய பிறகு உள்ளதை.
ஒருவன் விலாவில், ஒருவன் இடுப்பில்,
மூன்றாமவன் தாமதமாய் வந்து கணுக்காலில்;
மூவரையும் சுமந்துகொண்டு
அவன் போகும் தூரம்.
ஒன்று புள்ளி இரண்டு.
பூஜ்யம் புள்ளி எட்டு.
மூன்று. (அன்றைக்கு அது ஒன்றுதான் மூன்று.)

ஆறு முறை பிடிபடலாம்,
அதற்குள் போய்ச் சேர வேண்டும்.
முதல் மூன்று இவர்களுடையது.
கடைசியில் மூலைக்கொடி ஓரம்
அந்தரத்தில் பாய்பவன்தான்
மறுநாள் நாளிதழில் வருவான்,
கால்சட்டையில் சேறு படாமல்.

படைக்கு முன்னே போகிறவர்களைத்
தூசி என்பார்கள் பழந்தமிழில்.
இங்கே தூசிக்கு வழியில்லை.
மழை.

பந்து அவர்கள் கைக்குப் போனால்
பத்து மீட்டர் பின்னே,
மறுபடி முன்னே, தோளைக் கொடு,
விழு, எழு, பின்னே.
விழுவதை யாரும் செய்வார்கள்.
எழுவதற்குத்தான் சம்பளம்.

இருபத்து மூன்றாம் நிமிடம்.
எதிரணியின் சலேசி ஹக்காவ்மோட்டு
ஹார்க்கரைத் தூக்கி மல்லாத்தினான்.
நெஞ்சின்மேல் கிடந்தவன்
எழாமல் அரை நொடி கூடுதலாய்க் கிடந்தான்.
நடுவர் கத்தினார்.
எழுமுன் சலேசி
அவன் நசுங்கிய காதருகே ஏதோ சொன்னான்.
பதினொரு முறை பின்னோட்டிப் பார்த்தேன்,
வசவு என்றுதான் நினைத்தேன்.
பிறகு கேட்டபோது
உதட்டுத் தையலோடு ஹார்க்கர் சொன்னான்:
"பாப்பா இப்பவாவது ராத்திரி தூங்குதான்னு கேட்டான்.
இல்லன்னேன்."

அடுத்த பிடியில்
அதே சலேசிமேல் முழங்கை மடக்கி
முழுவேகத்தில் போனான்.
இரண்டு புள்ளி ஒன்று.

முப்பதில் வெளியே வந்தான்.
பலகையில் உட்கார்ந்தவன் தலையிலிருந்து
சோற்றுப் பானைபோல ஆவி.
மருத்துவர் குனிந்து கேட்டார்,
இது என்ன மாதம், போன வாரம் யாரோடு ஆடினோம்.
இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசித்தான்.
என் அட்டவணையில்
அந்த யோசனைக்குக் கட்டமில்லை.
அது பசிக் களைப்பாகவும் இருக்கலாம்.
தேறிவிட்டான் என்றார்கள்.
ஐம்பத்திரண்டில் திரும்ப இறங்கினான்.

இரண்டு புள்ளியில் தோற்றோம்.
பிடித்தது முப்பத்தொன்பது பேரை.
மோதலுக்குப் பிந்தைய தூரம்,
மொத்தம், ஐம்பத்தெட்டு மீட்டர்.

மறுநாள் காலை
ஆன்லபி சாலைக்குப் பின்தெருவில்
என் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
வீட்டுப் படியில் முதுகைக் காட்டிப்
பின்பக்கமாய் இறங்கினான்,
ஏணியில் இறங்குகிறவன் மாதிரி.
பால் வாங்கும் கடை
தெருமுனையில்தான், அறுபது மீட்டர் இருக்கும்.
சுவரில் ஒரு கை.
நடந்தான், நின்றான்,
தபால்பெட்டியைப் பிடித்துக்கொண்டான்.
ஒரு கிழவி நாயோடு அவனைக் கடந்துபோனாள்.

பழக்க தோஷத்தில் எண்ணத் தொடங்கியிருந்தேன்.
கடைக்கு இன்னும் இரண்டு மீட்டர்.
அவனை யாரும் பிடித்திருக்கவில்லை.
அதனால்தானோ என்னவோ
இவ்வளவு நேரம் ஆகிறது.