சுப்பையா கடைக் கோட்டு

ரெபிஸ்டன் கடைக்கு வைத்த பெயர் ஷிபுயா.
பெயிண்டர் காதில் விழுந்தது வேறு, எழுதியது வேறு,
ஊர் வாசித்தது முற்றிலும் வேறு.
இப்போது கரண்ட் பில்லே
சுப்பையா என்றுதான் வருகிறது.

தங்கச்சிமடம் மெயின் ரோட்டில்
வலைக்கடைக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் நடுவே
பத்துக்குப் பன்னிரண்டு அறை.
தூத்துக்குடி வழியாகப் பேல் பேலாய் வரும்
ஜப்பான் பழந்துணி.
பிரித்தால் ஒரு வாடை:
சோப்பு, சிகரெட், நனைந்த நாய்க்குட்டி,
பெயர் தெரியாத ஏதோ பூ.
ஒரு கால் மட்டும் நீண்ட பேண்ட்.
வேண்டுமென்றே கிழித்த சட்டை.
'இதுக்குமா காசு? எங்க வீட்டுல
தானாவே கிழியுதே' என்றாள் ஐஸ்வண்டிக்காரர் மனைவி.

கல்லாப்பெட்டிமேல் போனைச் சாய்த்து
ஷிபுயாவை ஓடவிட்டிருப்பான்.
படமில்லை, நேரலை.
நாலு பக்கமும் வண்டிகள் நிற்கும்.
எல்லாத் திசையிலிருந்தும் ஜனம் இறங்கும்,
மடையில் நீர் திறந்ததுபோல.
நீலத் தலைமுடி, முட்டிவரை பூட்ஸ்,
ஒன்றையொன்று இடிக்காத தோள்கள்.
அப்புறம் ரோடு காலி.
'நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னாடியே
அங்கே விடிஞ்சிடும்' என்பான்.
'விடியட்டும்.
தூங்கினால்தானே எழுந்திருக்க.'

அந்தக் கோட்டை யாரும் தொடவில்லை.
ரோஜா நிறம், உடம்பெங்கும் பொய்ரோமம்.
வெளியே கத்திரி வெயிலில்
நாய்கள் மீன்கூடை நிழலுக்குச் சண்டையிட்டன.
நூற்றைம்பது சொன்னான்,
நூறுக்குக் கொடுத்தான்,
என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு
ஹேர்கிளிப் ஒன்றையும் சும்மா கொடுத்தான்.

ஜப்பானை அவன் போனில் பார்த்திருக்கிறான்.
அதன் குளிரை நான் எலும்பில் அறிவேன்.
மண்டபம் கணவாய்க் கம்பெனி, இரவு ஷிப்ட்,
மைனஸ் பதினெட்டு.

ஏழு மணி பஸ்ஸில் கோட்டோடு ஏறினேன்.
'எந்த நாடக செட்டும்மா' என்றார் கண்டக்டர்.
பாலத்தின்மேல் காற்று
என் ரோமத்தை முன்னும் பின்னும் சீவியது.
கீழே படகு விளக்குகள்,
சிவப்பு, பச்சை,
யாரும் நின்று கடக்காத சிக்னல்கள்.

சூப்பர்வைசர் குணாளன் வாசலிலேயே மறித்தார்.
'ஒரு முடி ஒட்டினால்
கண்டெய்னரே திரும்பி வந்துரும் ஜெனோவா.'
'வரட்டும் சார்,
கோட்டும் அங்கிருந்துதானே வந்துச்சு.'
சிரித்துவிட்டார், பாவம்.
பெட்டி ஒட்டியபின் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

முதலில் மேசை.
தலையைப் பிடித்து இழுக்க வேண்டும்,
மைப்பை உடையாமல்.
எவ்வளவு கவனித்தாலும் உடையும்.
பத்து விரலிலும் கருப்பு.
அந்த ரோட்டுப் பெண்கள் காசு கொடுத்துப் பூசுவது
எனக்குச் சம்பளத்தோடு வருகிறது.

பிறகு குளிர் அறை.
இரும்புக் கதவு திறக்க வெண்புகை.
நானும் மெர்சியும் ரூபிஸ்டாவும்
மூச்சை ஊதி ஊதி
சிகரெட் பிடிப்பவர்கள்போல் நின்றோம்.
ஆளுக்கு ஐந்து நிமிடம் கோட்டு.
ரூபிஸ்டா அதில் ஒரு சுற்றுச் சுற்றினாள்,
பெட்டிகள் நடுவே,
ரப்பர் பூட்ஸ் வழுக்க.
கம்ப்ரசர் தாளம் தப்பாமல் தட்டியது.

என் முறையில்தான் இடது பையில் கை பட்டது.
ஒரு சாவி.
ஆரஞ்சு பிளாஸ்டிக் வில்லை, எண் 0417.
ரயில் ஸ்டேஷன் லாக்கர் சாவி என்றான் ரெபிஸ்டன்,
போட்டோ அனுப்பிக் கேட்டபோது.
'தொலைச்சவ இந்நேரம் மறந்திருப்பா.'

எப்படி மறப்பாள்?
மாற்றுச் செருப்பு இருந்திருக்கும்.
வீட்டுக்குப் போகும்முன் போட்டுக்கொள்ள
சாதாரணச் சட்டை ஒன்று.
ஒருவேளை ஒன்றுமே இல்லாமல்
வெறுமனே பூட்டியிருப்பாள்,
தனக்கென்று ஒரு கதவு இருக்கட்டுமென்று.

மறுநாள் இரவு எட்டரை, டீ நேரம்.
அங்கே நள்ளிரவு.
என் போனில் அந்த ரோட்டைத் திறந்தேன்.
கடைசி ரயிலுக்கு ஓடும் கூட்டத்தில்
ஒருத்தி மட்டும் நடுவில் நின்றாள்.
கைப்பையைத் துழாவினாள்.
சிக்னல் மாறப்போகிறது.
இந்தா, என்று சொல்லிவிட்டேன், சத்தமாக.
மெர்சி திரும்பிப் பார்த்தாள்.
நெட் சுற்ற ஆரம்பித்தது.

கம்பெனியில் எனக்கும் ஒரு லாக்கர் உண்டு,
மதியச் சோறு வைக்க.
யாரும் இல்லாதபோது
அந்தச் சாவியைப் போட்டுப் பார்த்தேன்.
நுழைந்தது.
திரும்பவில்லை.